ஒரு டிராக்டர் சவுடு

மழை ஒரு மணி நேரம்தான் பெய்தது. தண்ணீர் நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் நாற்றம் அடித்தது. கறிவேப்பிலைக் கன்றைப் பிடித்து லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேர் முழுக்கக் கறுத்து, அழுகின வெங்காயம் மாதிரி வழவழவென்று இருந்தது. பக்கத்தில் நட்ட மல்லிகை மூன்றும் போயின. கத்தரி நாற்று பதினாறும் போயின. கனகாம்பரம் மட்டும் இரண்டு நாள் கூடுதலாக நின்று, பிறகு அதுவும் தலையைத் தொங்கப் போட்டது.

ஹைதராபாத்தில் லோத்குண்டாவைத் தாண்டி ஒரு காலனியில் வீடு கட்டிக்கொண்டு போன முதல் மழைக்காலம் அது. வீட்டுக்கு முன்னால், தெருப்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, தென்கிழக்கு மூலையில் பன்னிரண்டு அடி நீளம், ஐந்து அடி அகலம். எனக்கு விட்ட மண் அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் சிமெண்ட். அந்தத் துண்டுக்கே கட்டட வேலை நடக்கும்போது மேஸ்திரியோடும் என் வீட்டுக்காரரோடும் தனித்தனியாகச் சண்டை போட வேண்டியிருந்தது.

அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் காஞ்சன்பாக்கில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டுக்காரர் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். செய்து வருகிற உதிரி பாகங்களை அளந்து, ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புகிற வேலை. வீட்டிலும் அதே வேலைதான் பார்த்தார். தோசையைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறார். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் எனக்கு ஒரு தோட்டம் இருந்தது. சிவப்பு மண், சரளை. ஊற்றின தண்ணீர், ஊற்றின சத்தம் அடங்குவதற்குள் போய்விடும். தண்ணீர் நிற்கவில்லையே என்று அந்த மண்ணைத் தினமும் திட்டுவேன். வெண்டையும் முருங்கையும் வாழையும் திட்டு வாங்கிக்கொண்டே காய்த்தன. நான் வேலைக்குப் போனதில்லை. பத்தாவதோடு படிப்பு நின்றது. காலையில் எழுந்ததும் எனக்கென்று போக ஓர் இடம் இருந்தது என்றால் அந்தத் தோட்டம்தான்.

அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மனை ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்தார். கூட வேலை பார்த்த நாலைந்து பேரோடு சேர்ந்து வாங்கினது. பத்திரம் பார்த்தார், பழைய பத்திரம் பார்த்தார், தெரு எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்தார், வாஸ்துக்காரரைக் கூட்டிப் போய்க் காட்டினார். ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் பிசைந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. என்னைக் கூட்டிப் போயிருந்தால் நான் பார்த்திருப்பேன். கூட்டிப் போகவில்லை. அது கறுப்புக் களிமண். வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழையில் காலை வைத்தால் செருப்பை வாங்கிக்கொள்ளும்.

இத்தனையும் போதாது என்று கார் வந்தது. பையனுக்கு மாதாபூர் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. பஸ்ஸில் செகந்திராபாத் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போவான். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அவன் அவஸ்தையை நான் இல்லை என்று சொல்லவில்லை. லோன் போட்டுக் கார் வாங்கினான். வாங்கிக் கொண்டுவந்த அன்றுதான் அதை நிறுத்த இடமில்லை என்பது அப்பாவுக்கும் பிள்ளைக்கும் தெரிந்தது. கேட்டுக்குள் நுழைத்தால் பின்பக்கம் தெருவில் நீட்டிக்கொண்டு நின்றது. தெருவிலேயே விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் தண்ணீர் டேங்கர் ஒன்று கதவைத் தேய்த்துக்கொண்டு போனது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என் மண்ணை அளந்தார்.

"இத மூடி சிமெண்ட் போட்டுட்டா கார் திரும்பி அழகா உள்ள நின்னுடும்" என்றார்.

"மூட முடியாது."

"இதுல என்ன வளருது சொல்லு. கொசு வளருது."

பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, லைட் தீஸ்கோ. மாடியில நாலு தொட்டி வாங்கித் தரேன்" என்றான். ஹைதராபாத்தில் வளர்ந்த பிள்ளை. வீடே பற்றி எரிந்தாலும் லைட்டாக எடுத்துக்கொள் என்று தெலுங்கில் சொல்வான்.

"உன் கார மாடியில கொண்டுபோய் நிறுத்து" என்றேன்.

மூன்று நாள் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. நான்காம் நாள் வீட்டுக்காரர் ஒரு தீர்ப்பு சொன்னார். அடுத்த மழைக்காலம் வரைக்கும் எனக்கு அவகாசம். புரட்டாசி முடிவதற்குள் ஒரு நல்ல மழைத் தண்ணீராவது, மழை விட்ட இருபத்து நாலு மணி நேரத்தில் அந்த இடத்தில் வடிந்து காட்ட வேண்டும். வடிந்தால் மண் என்னுடையது. வடியாவிட்டால் மேஸ்திரியைக் கூப்பிடுவார், நான் குறுக்கே நிற்கக் கூடாது. நான் சரி என்றேன். ஒரு வருடம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

எல்லோரும் மணல் கலக்கச் சொன்னார்கள். நர்சரிக்காரன் சொன்னான், பக்கத்து வீட்டம்மா சொன்னார், பேப்பரில் யாரோ எழுதியிருந்தார்கள். வீடு கட்டின ஆற்று மணல் ஆறு மூட்டை மிச்சம் இருந்தது. வெயில் காலத்தில் கடப்பாரையால் அந்தக் களிமண்ணைப் பிளந்து, கட்டியை உடைத்து, மணலைக் கொட்டிக் கிளறினேன். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். பத்து நாள் வேலை. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. ஒரு வாரம் வெயில் காய்ந்ததும் போய்க் கடப்பாரையைப் போட்டேன். டங் என்றது. செங்கல் சூளையில் இப்படித்தான் செய்வார்கள் போல. களிமண்ணில் பாதிக்குப் பாதி மணல் போட்டால்தான் அது மணல் மாதிரி நடந்துகொள்ளும். கொஞ்சமாகப் போட்டால் இரண்டும் சேர்ந்து இறுகிவிடும். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, பேப்பரில் எழுதினவர்கள் உட்பட.

வீட்டுக்காரர் குனிந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "சிமெண்ட்டே வேண்டாம் போல இருக்கே" என்றார். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அங்கேயே நின்றிருந்தால் வேறு மாதிரி போயிருக்கும்.

பிறகு ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சவுடு ஞாபகம் வந்தது. எனக்கு ஊர் செங்கல்பட்டுப் பக்கம். எங்கள் பக்கம் யார் வீடு கட்டினாலும், மனை பள்ளமாக இருந்தால், ஏரியிலிருந்து சவுடு மண் அடித்து மேடாக்குவார்கள். கொஞ்சம் மணல், கொஞ்சம் மண், கையில் எடுத்தால் உதிரும். தண்ணீரைக் குடித்துவிடும். மேலாக எருவைக் கலந்தால் செடி வரும். களிமண்ணோடு எதற்குச் சண்டை போட வேண்டும்? ஓர் அடி ஆழத்துக்கு அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சவுடு போட்டு நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது. இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

கூலிக்கு இரண்டு பேரை வைத்து ஓர் அடி தோண்டினேன். பிறகு டிராக்டர்கள் நிற்கும் முனைக்கு நானே போனேன். வீட்டுக்காரரை அனுப்பவில்லை. பதினெட்டு வருடம் காஞ்சன்பாக் சந்தையில் பேரம் பேசிக் கற்ற தெலுங்கு என்னுடையது. அவர் தெலுங்கு தொழிற்சாலை கேண்டீனைத் தாண்டாது. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

"சவுடு மட்டி ஒக டிராக்டர் காவாலி" என்றேன், ஒரு டிராக்டர் சவுடு மண் வேண்டும் என்று.

டிராக்டர்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சௌடு மட்டியா?" என்றான். ஆமாம் என்றேன். எதற்கு என்றான். செடி வைக்க என்றேன். "செட்லகா?" என்று மறுபடியும் கேட்டான். செடிக்கா, செடிக்கா என்று எத்தனை தரம் கேட்பான்? பெண்பிள்ளை தனியாக வந்து மண் கேட்டால் இவர்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். "செடிக்குத்தான். கொண்டுவர முடியுமா முடியாதா?" என்று அதட்டினேன். "மீ இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். உங்கள் இஷ்டம். அந்த வார்த்தையைக் கேட்டாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வந்து கொட்டினான். வெளுப்பாக, சாம்பல் நிறத்தில், மாவு மாதிரி இருந்தது. அள்ளினால் விரல் சந்தில் உதிர்ந்தது. நம் ஊர்ச் சவுடு கொஞ்சம் பழுப்பாக இருக்கும். இது வேறு ஏரி மண், நிறம் மாறத்தான் செய்யும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கட்டி கிடையாது, கல் கிடையாது. களிமண்ணோடு மல்லுக்கு நின்ற எனக்கு அதைத் தொட்டதே சந்தோஷமாக இருந்தது. நிரப்பி, எருவைக் கலந்து, வெண்டை விதை ஊன்றி, இரண்டு மல்லிகைப் பதியன் வைத்தேன்.

ஆனி கடைசியில் முதல் பெரிய மழை. ஜன்னலில் நின்று பார்த்தேன். தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிற மாதிரியே இல்லை. தட்டில் ஊற்றின மாதிரி மேலேயே நின்றது. களிமண்ணில் நான்கு நாள் நின்ற தண்ணீர் இதில் ஆறு நாள் நின்றது. வெயில் பட்டு வற்றினதும் மேலே வெள்ளையாகப் பூத்தது, அப்பளத்தின் மேல் மாவு படிந்த மாதிரி. விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தேன். மேல் இரண்டு அங்குலம் பசை மாதிரி ஈரம். அதற்குக் கீழே மண் காய்ந்து, போட்டபடியே மாவாகக் கிடந்தது. ஆறு நாள் குளத்துக்கு அடியில் காய்ந்த மண். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

வீட்டுக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் கேட்டின் அகலத்தை மறுபடி அளந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பக்கத்து மனையில் அப்போது கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. பாலமூர் ஜில்லாவிலிருந்து வந்த கூலிக் குடும்பங்கள். அதில் ஒருத்தி, என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள், தினமும் மத்தியானம் குடிக்கத் தண்ணீர் பிடிக்க எங்கள் வீட்டுக்கு வருவாள். அன்றைக்கு நான் அந்தக் குட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து செத்த பதியனைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். குடத்தைக் கீழே வைத்தாள். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கி, நாக்கு நுனியில் தொட்டுத் துப்பினாள். பிறகு சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மித்தெ மீத போசேதி கிந்த போசினவா அம்மா?" என்றாள்.

மாடி மேலே போடுவதைக் கொண்டுவந்து கீழே போட்டாயா என்கிறாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. கோபமாக, என்ன சொல்கிறாய் என்றேன். அவள் சொன்னாள். அவர்கள் ஊரில் மண் வீட்டுக்குத் தட்டையான கூரை. மேலே இந்தச் சௌடு மண்ணைத்தான் கனமாகப் போட்டு மெழுகுவார்களாம். மழை பெய்ததும் மேல் மண் உப்பி, இறுகி, ஒரு சொட்டுத் தண்ணீரைக் கீழே விடாது. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் புதுச் சௌடு அள்ளிப் போடுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வேலை. சௌடு கிடக்கிற நிலத்தில் புல்கூட முளைக்காதாம். இதில் போய் யாராவது வெண்டை போடுவார்களா என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

ஒரே சொல். செங்கல்பட்டில் அது பள்ளம் நிரப்புகிற மண். இங்கே அது உவர் மண். நான் கேட்டதைத்தான் டிராக்டர்காரன் கொண்டுவந்தான். ஊரில் தேடி அலைந்தாலும் கிடைக்காத அளவுக்கு, தண்ணீரை விடவே விடாத மண்ணாகப் பார்த்து, தெலுங்கில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன்.

உள்ளே போய் அவனுக்குப் போன் போட்டேன். செடிக்கு என்று சொல்லியும் உவர் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனாயே, உனக்கு மனசாட்சி இல்லையா என்று கத்தினேன். அவன் கத்தவில்லை. "நேனு ரெண்டு சார்லு அடிகினானு கதம்மா" என்றான். இரண்டு தடவை கேட்டேனே அம்மா என்கிறான். கேட்டான்தான். போனை வைத்துவிட்டேன். யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்ததும், "பதினெட்டு வருஷத் தெலுங்கு" என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரிச் சாப்பாட்டை அவரே போட்டுக்கொண்டார்.

ஆடி முடிந்துவிட்டது. ஆவணியும் புரட்டாசியும்தான் பாக்கி. பாலமூர்க்காரியும் அவள் புருஷனும் ஞாயிற்றுக்கிழமை வந்து தோண்டித் தருகிறோம் என்றார்கள். சௌடை அள்ளி, பக்கத்து மனையில் அஸ்திவாரக் குழிக்குக் கொடுத்தோம். கட்டடத்துக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் இருந்தால் அவர்களுக்கு நல்லதுதான். இந்தத் தடவை இரண்டடி தோண்டினோம். அப்போதுதான் உண்மை தெரிந்தது. தெருப்பக்கமும் தெற்குப் பக்கமும் காம்பவுண்டுச் சுவரின் அஸ்திவாரம். மூன்றாவது பக்கம் போர்ட்டிகோவின் கான்கிரீட். நான்காவது பக்கம் தண்ணீர் சம்ப்பின் சுவர். அடியில் களிமண். அது பாத்தியே இல்லை, தொட்டி. அதில் தங்கத்தைப் போட்டாலும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். நான் ஒரு வருடமாக மண்ணை மாற்றிக்கொண்டிருந்தேன். போகிற வழியே இல்லாத தண்ணீருக்கு மண் என்ன செய்யும்?

குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். அப்படியே இருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தெருச் சுவத்துல அடியில ஒரு ஓட்டை போடணும். தண்ணி வெளிய மோரிக்குப் போயிடும்" என்றேன். மோரி என்றால் இங்கே சாக்கடை. நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

அவர் முகம் மாறிவிட்டது. "ஆக்னேய மூலையில ஓட்டையா? வாஸ்துக்காரர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா?" என்றார். தென்கிழக்கு நெருப்பு மூலை, அங்கே தண்ணீர் வெளியே போனால் வீட்டு ஆண்களுக்கு ஆகாது என்று அந்த மனுஷன் சொல்லியிருந்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளக்கத் தெரிந்த மனிதர் இதை நம்புகிறார். அவருக்கு மட்டுமென்றால் விட்டுவிடுவார், ஆண்கள் என்றதில் பையனும் வந்துவிட்டான் இல்லையா, அதில் பிடிவாதம்.

"அப்ப ஆக்னேயத்துல குளம் நிக்கலாமா? அது ஆம்பளைங்களுக்கு ஆகுமா?" என்று கேட்டேன்.

நான் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். நாளைக் காலையில் பால் வருவதற்குள் அந்த ஓட்டை இருக்கும் என்று சொன்னேன். சொன்னால் செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் அவரே வந்தார். சுவரைத் தொட வேண்டாம், உள்பக்கமாகவே சுவரை ஒட்டி ஒரு பைப்பை வடகிழக்கு வரைக்கும் கொண்டுபோய், கேட்டுப் பக்கம் ஏற்கெனவே இருக்கிற வாய்க்காலில் விட்டுவிடலாம் என்றார். ஈசான்யத்தில் தண்ணீர் போனால் நல்லதாம். அதற்கு இருபத்தைந்து அடிக்குச் சிமெண்ட் தரையை உடைக்க வேண்டும். சுவரில் ஒரு ஓட்டைக்குப் பதில் தரை முழுக்க உடைக்கிறோம். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சரி என்றேன்.

பாலமூர்க்காரர்கள் தரையை உடைத்தார்கள். பாத்தியின் அடியில் போகிற பைப்புக்கு நான் ஓட்டை போட்டேன்: கம்பியைக் கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் குத்திக் குத்தி. வீடெல்லாம் புகை. மண் உள்ளே போகாமல் இருக்க என் பழைய நைலக்ஸ் புடவையை இரண்டு சுற்றுச் சுற்றித் தைத்தேன். சுற்றிலும் உடைந்த செங்கல், ஓட்டுச் சில்லு, ஜல்லி. பைப்பை இறக்கும்போது வீட்டுக்காரர் போர்ட்டிகோவில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பாலமூர்க்காரியின் புருஷன் கண்ணாலேயே சரிவு பார்த்து வைத்தான். அவரால் பொறுக்க முடியவில்லை. பேப்பரை வீசிவிட்டு, ஒரு டியூபில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து இரண்டு முனையிலும் மட்டம் பார்த்தார். "நடுவுல தொப்பை விழுந்திருக்கு. அங்க சேறு தங்கும். எடு, திரும்பப் போடு" என்றார். மூன்று முறை எடுத்து மூன்று முறை போடவைத்தார். என்னை எதிர்த்து ஜெயிக்க வேண்டிய ஆள், சரிவு தப்பாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல், எனக்காக வேலை செய்தார். நான் டியூபின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

மேலே, முதலில் தோண்டிச் சுவரோரம் குவித்து வைத்திருந்த அதே களிமண்ணைத்தான் போட்டேன். ஆனால் அதோடு பாதிக்குப் பாதி மொரம், அதாவது இந்தப் பக்கத்துச் சிவப்புச் சரளை மண். அதற்கு மேல் தபேலா என்கிற எருமைத் தொழுவத்திலிருந்து மூட்டை மூட்டையாக மக்கின எருமைச் சாணி, காய்ந்த இலை. ஓரமெல்லாம் செங்கல் வரப்பு வைத்து, பாத்தியைத் தரையைவிட முக்கால் அடி உயர்த்தினேன். இந்தத் தடவை ஒவ்வொரு மண்ணையும் வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் கையில் வாங்கிப் பிசைந்து பார்த்தேன். பெயரைக் கேட்கவே இல்லை.

வேலை முடியும்போது புரட்டாசி பாதி போய்விட்டது. அதன் பிறகு மழை நின்றது. ஒரு வருடமாக மழையைத் திட்டினவள், தினமும் காலையில் வானத்தை அண்ணாந்து பார்த்தேன். நீலமாக இருந்தது. ஒரு வாரம். பத்து நாள். குழாயைத் திறந்துவிட்டு வடிகிறதா பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "மழைன்னுதானே பேச்சு?" என்றார் வீட்டுக்காரர். பேச்சு அதுதான். புரட்டாசி முடிகிறது என்று மேஸ்திரியிடம் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். நான்கு மூட்டை சிமெண்ட் வந்து போர்ட்டிகோவில் இறங்கியது. பையன் அந்த மூட்டைகளைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போனான். "அம்மா, பாவம்" என்று ஒரு தடவை சொன்னான். எனக்கு அந்தப் பாவத்தைக் கேட்டுத்தான் அதிகமாக எரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டரை மணி நேரம் அடித்தது. தெருவில் தண்ணீர் வாய்க்காலாக ஓடியது. மழை விட்டதும் வீட்டுக்காரர் ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைக் கொண்டுவந்து பாத்தியின் நடுவில் ஊன்றினார். மூன்றே கால் அங்குலம் நின்றிருந்தது. நோட்டில் மணியோடு எழுதினார்.

"நிக்குது" என்றார்.

"போய்ட்டிருக்கு" என்றேன்.

கேட்டோரம் போய்க் குனிந்து பார்த்தேன். பைப்பின் வாயில் ஒன்றும் வரவில்லை. சொட்டுக்கூட இல்லை. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரம் இருக்கும். முதலில் கறுப்பாக ஒரு துளி வந்தது. பிறகு சாணித் தண்ணீர் மாதிரி நூலாக இறங்கியது. பிறகு நிற்காமல் ஓடியது. நான் கூப்பிடவில்லை. அவரே வந்து பார்த்துவிட்டு, உள்ளே போனார்.

மணிக்கு ஒரு தரம் வந்து ஸ்கேலைப் பார்த்தார். இரண்டே முக்கால். இரண்டு. ஒன்றரை. இருட்டினதும் டார்ச்சோடு வந்தார். ஏமாற்றுகிற ஆள் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் எழுந்து போனபோது அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். ஸ்கேலின் அடியில் ஈர மண்தான் இருந்தது. விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுசாக இறங்கியது.

எழுந்து உள்ளே போய் மேஸ்திரிக்குப் போன் போட்டார். நான் வாசற்படியில் நின்று கேட்டேன். "இப்புடு வத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது வேண்டாம் என்று.

"இப்ப வேண்டாம்னா? அப்புறம் வேணுமா?" என்றேன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "விடேன்."

"விட மாட்டேன். பேச்சுன்னா பேச்சுதானே? சரியா சொல்லுங்க."

போனை மறுபடி காதில் வைத்து, "எப்பட்டிகீ வத்து" என்றார். எப்போதைக்கும் வேண்டாம். சொல்லிவிட்டு, காபி இருக்கா என்று கேட்டார். நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அந்த வருடம் நான் ஒன்றும் நடவில்லை. மழைக்காலமே முடிந்துபோயிருந்தது. கார் தெருவில்தான் நின்றது. அதற்கு இன்னும் இரண்டு கீறல் விழுந்தது, ஒவ்வொரு கீறலுக்கும் பையன் என்னைப் பார்த்தான். பார்க்கட்டும். சிமெண்ட் மூட்டைகள் நான்கும் போர்ட்டிகோவிலேயே கிடந்து கல்லாகிப்போயின. யாரும் தூக்கவில்லை. நான் மட்டும் தூக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? தினமும் காலையில் அவற்றைச் சுற்றிக்கொண்டு போய், கறுப்பும் சிவப்புமாகக் கிடந்த வெறும் மண்ணில் உட்கார்ந்து, களிமண் கட்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் உடைத்துக்கொண்டிருந்தேன்.